ஒற்றை நாற்று நட்ட வயல் யாருடையது?

எங்கள் வேளாண்மை அலுவலகத்துப் பிள்ளைகள் உழவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். ஓய்வு பெற்ற என்னையும் மரியாதைக்குச் சேர்த்திருக்கிறார்கள். காலையில் அலுவலர் பெண் ஒரு புது நெல் ரகத்தின் படத்தைப் போட்டு நாலு வரி எழுதுவாள். உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். பிறகு ரோஜாப்பூ, பிறகு முருகன் படம், பிறகு யாரோ கை தவறி அனுப்பிய கிரகப்பிரவேசப் பத்திரிகை. அந்த ரகத்தை விதைத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் குழு வாயை மூடிக்கொள்ளும். போன வாரம் அந்தப் பெண் எனக்குப் போன் செய்து, "எல்லாரும் பாக்கறாங்க மேடம், ஒருத்தரும் செய்ய மாட்டேங்கறாங்க. இன்னும் ஆளுங்கள சேக்கணுமா?" என்று கேட்டாள். குழுவுக்கு அட்மின் யார் என்று கேட்டேன். "தாமோதரன் சார்தான் மேடம். நம்ம முன்னோடி விவசாயி" என்றாள். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயசீலி. ஆனால் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. உதவி வேளாண்மை அலுவலராக இருந்ததால் அக்ரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தணியில் வீடு. காலையில் மொபெட்டில் கிளம்பினால் சாயங்காலம் புழுதியோடு திரும்புவேன். பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு மண்ணைப் பற்றி, விதையைப் பற்றி, பூச்சியைப் பற்றி எல்லாம் சொல்லித் தந்தார்கள். நெற்பயிருக்கு எத்தனை வேர், அது எப்போது தூர் கட்டும், எப்போது கதிர் தள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைப் பற்றி மட்டும் ஒரு பாடமும் இல்லை.

எங்கள் உதவி இயக்குநர் சாமிநாதன் நல்ல மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மாதக் கூட்டத்தில் முழுக்கைச் சட்டையின் பித்தான்களை மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் சொல்வதைக் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்பார். நடுவில் குறுக்கே பேச மாட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்து, "சரிம்மா, அப்படியே ஆகட்டும்" என்பார். அதற்குப் பிறகு அவர் முன்பே நினைத்து வைத்திருந்தது எதுவோ அதுதான் நடக்கும். புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகும். கண்டுபிடித்த பிறகு அவரோடு யாருக்கும் சண்டை வராது, ஏனென்றால் அவர் எதையும் மறுத்ததே இல்லை.

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நடுவில் பெரிய வட்டம், அதற்குள் 'தொடர்பு விவசாயி' என்று எழுதியிருக்கும். அதிலிருந்து நாலாபக்கமும் அம்புக்குறிகள் கிளம்பிச் சின்னச் சின்ன வட்டங்களில் போய் முட்டும். சின்ன வட்டங்கள்தான் மற்ற விவசாயிகள். முறை இதுதான். நாங்கள் குறித்த நாளில் போய்த் தொடர்பு விவசாயியிடம் புது முறையைச் சொல்ல வேண்டும். அவர் செய்வார். அவரைப் பார்த்து அக்கம்பக்கம் செய்யும். அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊர் செய்யும். சாமிநாதன் அந்தப் படத்தைப் பென்சிலால் தட்டிக் காட்டி, "மேல ஊத்துனா கீழ வரும்மா. அது இயற்கை" என்பார்.

மேலே ஊற்றியது மேலேயே ஆறிப்போனது. வேப்பங்கண்டிகை என்ற ஊரில் எங்கள் பெரிய வட்டம் தாமோதரன். ரோட்டை ஒட்டிய நிலம், மாடி வீடு, அதிகாரிகள் வந்தால் இளநீர். இலாகா எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர் வயலில்தான் இறங்கும். தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய், புது ரகம், புதுக் கலப்பை, எல்லாவற்றுக்கும் ஒரு பலகை நட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஊர்க்காரர்களிடம் நீங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "அவுருக்கு இன்னாம்மா, கவர்மெண்டு குடுக்குது, செய்யறாரு. நஷ்டமானாலும் அவுருக்குத் தாங்கும்" என்பார்கள். அவர் மோசமான மனிதரும் இல்லை. அவர் நன்றாக விளைத்தால் வசதிக்காரர், விளையும். விளையாவிட்டால் பார்த்தீர்களா, விளையாது. இரண்டில் எது நடந்தாலும் யாரும் எதுவும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஒரு புது முறையை வேப்பங்கண்டிகையில் புதைக்க வேண்டுமானால் அதைத் தாமோதரன் வயலில் நட்டால் போதும்.

இந்த லட்சணத்தில்தான் ஒற்றை நாற்று நடவு வந்தது. வழக்கமாக ஒரு மாதத்து நாற்றைக் கொத்துக் கொத்தாக நெருக்கி நடுவார்கள். புது முறையில் இரண்டு வாரத்துப் பிஞ்சு நாற்றை, கயிறு பிடித்து, சாண் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக நட வேண்டும். தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். விதை கொஞ்சம் போதும், தூர் பெரிதாகக் கட்டும், மகசூல் கூடும். எல்லாம் உண்மை. ஒரே ஒரு சிக்கல், நட்டு மூன்று வாரத்துக்கு அந்த வயலைப் பார்க்கச் சகிக்காது. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர் தலை ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கும், அப்படி இருக்கும். தாமோதரன் நட்டார். பலகை வைத்தார். ஊர் ரோட்டோடு போய்க்கொண்டே இருந்தது.

அதே பருவத்தில் அதே ஊரில் இன்னொருவரும் நட்டார். முனிரத்தினம் என்று பெயர். புதுமையில் ஆசைப்பட்டு நட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், வீட்டுக் கூரை ஒழுகி அவருடைய விதை மூட்டை நனைந்துவிட்டது. முளைகட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. பக்கத்து வயல்காரர் சுப்பிரமணியிடம் நாற்று மிச்சம் இருந்தது. அவர் முனிரத்தினத்தின் பெரியப்பா மகன், இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சுப்பிரமணி தன் முறை முடிந்தால் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று தன் எருதைப் பார்த்து, "ஏய் ராமா, மோட்டார நிறுத்தியாச்சு, வோணுங்கறவங்க போட்டுக்கலாம்" என்பார். முனிரத்தினம் அரசமரத்தைப் பார்த்து, "போட்டுக்கறோம், போட்டுக்கறோம்" என்பார். எருதிடம் நாற்று கேட்க முடியாது. அதனால் என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் வெதைல ஆவும்னு சொன்னீங்களே அக்ரியம்மா, அது நெசமா?"

"நிஜம்தாங்க. ஆனா ஆரம்பத்துல பாக்க நல்லா இருக்காது."

"பாக்க எவன் வரப்போறான்" என்றார் முனிரத்தினம்.

நடவுக்கு மங்கம்மாவின் கும்பலைக் கூப்பிட்டோம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடவு என்றால் மங்கம்மாதான். பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாள், ஆந்திர எல்லை தாண்டி நகரிப் பக்கமும் போவாள், தமிழ் தெலுங்கு இரண்டிலும் வசைபாடத் தெரியும். நான் தட்டில் கொண்டுவந்த நாற்றைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாம்மா இது? தொட்டில்ல கெடக்கற கொழந்தய தூக்கியாந்து சேத்துல வுட்டு நடன்றீங்களே!" என்றாள். கும்பல் மொத்தமும் சிரித்தது. கயிறு பிடித்து நடுவதில் பேச்சுக்கே இடமில்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிய குறை. கொத்து நடவில் கை தானாக நடும், வாய் தானாகப் பேசும். இதில் ஒவ்வொரு நாற்றுக்கும் கயிற்றைப் பார்க்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே நட்டு முடித்துவிட்டுப் போனார்கள்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. நடவுக் காலம் அது, இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். ஒரு வாரத்துக்குள் நான் பொதட்டூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் டீ குடிக்கும்போது, லுங்கி மூட்டையோடு நின்ற ஒருவர், "கண்டிகைல எவனோ ஒத்த ஒத்தயா நட்டுகினு கீறானாமே, நெசமாம்மா?" என்று என்னிடமே கேட்டார். இலாகா துண்டுப் பிரசுரம் அடித்து, சுவரில் எழுதி, வண்டியில் மைக் கட்டிக் கத்தி எட்ட முடியாத இடத்துக்கெல்லாம் மங்கம்மாவின் கும்பல் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் செய்யவில்லை. செய்தி பரவுகிற வழி வேறு, செய்கை பரவுகிற வழி வேறு என்பது எனக்கு உறைத்தது அந்த டீக்கடையில்தான். செய்தியைச் சொல்ல வாய் ஒன்று போதும். அதைச் செய்வதற்குத் தனக்கு வேண்டியவர்களோ வேண்டாதவர்களோ செய்து, தான் கண்ணால் பார்க்க வேண்டும். மங்கம்மா சொன்னது சிரிக்கத்தான் உதவியது.

முனிரத்தினத்துக்கு ஒரே மகள், புவனா. நகரிக்கு அந்தப் பக்கம் தூரத்து உறவில் ஒரு பையன், மோகன் என்று பெயர். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் அதை ஜாதகப் பொருத்தம் என்று பெயர் மாற்றி முன்னே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அது நடவு முடிந்து இரண்டாவது வாரத்தில் வந்து விழுந்தது.

அந்தப் பக்கத்துச் சம்பந்தங்களில் ஒரு பழக்கம் உண்டு. பையன் வீட்டார் வேனிலிருந்து இறங்கியதும் பெண்கள் வீட்டுக்குள் போவார்கள். ஆண்களில் மூத்தவர் ஒருவர் மட்டும், "காலாற நடந்துட்டு வர்றேன்" என்று வயல்பக்கம் ஒதுங்குவார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். பெண்ணின் முகத்தை வீட்டில் பார்ப்பார்கள். குடும்பத்தின் முகத்தை வயலில் பார்ப்பார்கள். பயிர் பச்சையாக நின்றால் பேச்சு தொடரும்.

முந்தின நாள் முனிரத்தினம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எப்போதும் வெற்றிலை மெல்லுகிற மனிதர், அன்று வாயில் ஒன்றும் இல்லை.

"வயல பாத்தா திவாலாயிட்டேன்னு நெனைப்பாங்கம்மா. நாத்து வாங்கக்கூட வக்கில்லன்னு சொல்வாங்க. பொண்ணு நேத்துலேர்ந்து சாப்புடல."

"நாளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்களேன்."

"தள்ளி வெச்சா இன்னா கொறைன்னு தேடுவாங்க."

நான் வருகிறேன் என்றேன். அறிவியல் பூர்வமாக விளக்கிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை. தூர் எப்படிக் கட்டும் என்று விளக்கும் படச்சுருளை அலுவலகத்திலிருந்து எடுத்து மொபெட்டில் கட்டிக்கொண்டு காலையிலேயே வரப்பில் போய் நின்றேன். ஒரு பக்கம் சுப்பிரமணியின் வயல், அடர்ந்த பச்சை, காற்றில் அலையடித்தது. மறுபக்கம் முனிரத்தினத்தின் வயல், சேற்றில் அங்கொன்று இங்கொன்றாகப் புல் போல நின்றது. சுப்பிரமணி தன் வரப்பில் களை பிடுங்குவது போல உட்கார்ந்திருந்தார். அவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

மோகனின் பெரியப்பா வெங்கடேசலு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, சோடா பாட்டில் கண்ணாடி. இரண்டு வயலையும் பார்த்தார். நான் படச்சுருளை அவிழ்க்கத் தொடங்கினேன். அதற்குள் அவர் சுப்பிரமணியிடம் தமிழும் தெலுங்குமாகக் கேட்டார்.

"ஏமண்டி, முனிரத்தினம் பொலம் எதுங்க?"

சுப்பிரமணி எழுந்தார். வேட்டியை இறக்கி விட்டார். தன் பச்சை வயலைக் கையால் காட்டினார்.

"இதாங்க எங்க தம்பி வயலு. நான் பொண்ணுக்குப் பெரியப்பா, சுப்பிரமணி. அந்தாண்ட மொட்டையா கீதே, அது என்துங்க."

வெங்கடேசலு மொட்டை வயலைப் பார்த்து, சுப்பிரமணியைப் பார்த்து, "அய்யோ பாவம்" என்றார். பச்சை வயலைப் பார்த்து, "பாக உந்தி" என்று திருப்தியாகத் தலையாட்டினார். வந்தது போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் படச்சுருளைச் சுருட்டிக் கட்டினேன்.

"ஏங்க இப்படிச் சொன்னீங்க?" என்று சுப்பிரமணியைக் கேட்டேன்.

"அவன்கிட்டதான் எனக்குப் பேச்சு இல்ல அக்ரியம்மா. பொண்ணுகிட்ட இல்லன்னு யாரு சொன்னது? அது என்னப் பெரியப்பான்னு கூப்புடுது" என்றார். மறுபடியும் குனிந்து இல்லாத களையைப் பிடுங்கினார்.

சம்பந்தம் பேசி முடிந்தது. செய்தி கேட்ட முனிரத்தினத்துக்கு மகிழ்வதா அவமானப்படுவதா என்று தெரியவில்லை. சுப்பிரமணிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் பேச்சு இல்லை. எனக்குக் கவலை வேறு. ஒற்றை நாற்றுக்காரன் கதை எல்லை தாண்டிப் போயிருக்கிறதே, யாராவது நகரியில் முனிரத்தினத்தின் பெயரைச் சொல்லிவிட்டால்? அதைப் புவனா எனக்கு முன்பே யோசித்திருந்தாள். நேராக மங்கம்மாவிடம் போய்க் காலில் விழாத குறையாகப் பேசியிருக்கிறாள். அதற்குப் பிறகு மங்கம்மாவின் கும்பல் போன ஊரிலெல்லாம் ஒற்றை நாற்றுக்காரனுக்குச் சுப்பிரமணி என்று பெயர் வந்துவிட்டது. வேப்பங்கண்டிகையில் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர்ப் பெண்ணின் கல்யாணம். எதிலும் ஒத்துப்போகாத அந்த ஊர் ஒரு பொய்யில் அப்படி ஒத்துப்போனதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பயிருக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியவில்லை. கார்த்திகையில் மொட்டை வயல் தூர் கட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு குத்தும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவுக்குப் பருத்தது. அதை யார் உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? முனிரத்தினத்தின் நண்பர்கள் இல்லை. சுப்பிரமணிதான். நண்பன் நம் வயலை வழியில் போகும்போது பார்ப்பான். பகையாளி அதற்கென்றே வந்து பார்ப்பான். முனிரத்தினம் தன் முறையில் மோட்டார் போடாமல் வயலைக் காயவிட்டால், சுப்பிரமணி எருதிடம், "வயலு வெடிச்சுகினு கீது, தண்ணி வுட ஆளக் காணோம் பாத்தியா ராமா" என்பார். மறுவாரம் அதே வயல் இன்னும் கறுத்து நின்றபோது எருதிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வந்த மழைக்காற்றில் சுப்பிரமணியின் நெருக்கமான பயிர் பாய் விரித்தது போலச் சாய்ந்தது. ஒற்றை நாற்று அசையாமல் நின்றது.

தை பிறந்ததும் நிச்சயத் தாம்பூலம் மாற்ற வெங்கடேசலு வந்தார். மறுபடியும் காலாற நடந்தார். போன தடவை மொட்டையாக இருந்த வயலில் கதிர்கள் தலை தொங்கிக் கிடந்தன. சம்பந்தியின் வயல் என்று அவர் நம்பியது பாதி சாய்ந்து கிடந்தது. அவர் மனசில் என்ன ஓடியதோ, சம்பந்தத்தை விடவில்லை. ஆனால் பந்தியில் சுப்பிரமணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மச்சான் முறை வைத்துப் பேசினார்.

"பாவா, அன்னைக்கி ஒங்கள பாத்துப் பாவம்னு நெனச்சேன். தப்பு என்துதான். இந்த நடவ எங்க ஊர்ல வந்து காட்டிக் குடுக்கணும். எங்களுக்கு அதிகாரிங்க சொன்னா நம்பிக்க வராது. சொந்தக்காரரு நீங்க, செஞ்சு காட்டுனவரு. நீங்க சொன்னா செய்வாங்க."

எதிர் வரிசையில் முனிரத்தினம் பரிமாறிக்கொண்டிருந்தார். கையில் சாம்பார் வாளி. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் பார்க்கும்படி ஒன்றைச் செய்திருந்தார். அதைப் பாராட்டுவதைத் தானே நின்று கேட்டுக்கொண்டு, பாராட்டப்பட்டவர் இலையில் சாம்பார் ஊற்றினார். உள்ளே கதவோரம் நின்ற புவனா தலையைக் குனிந்துகொண்டாள்.

சுப்பிரமணியின் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஒற்றை நாற்றைக்கூட அவர் நட்டதில்லை. இப்போது எல்லை தாண்டிப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். என்னிடம் வந்து கேட்டார். நான் சொல்லியிருக்கலாம், அது என் வேலை. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செஞ்சவரு பக்கத்து வயல்லதான் இருக்காரு. நாளைக்கு நவரைப் பட்டத்துக்கு நாத்து விடறாரு. போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். இருவரும் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. முனிரத்தினம் வரப்புக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் பாய் நாற்றங்கால் போட்டார், சுப்பிரமணி இந்தப் பக்கம் போட்டார். அவர் மண்ணைச் சலித்தால் இவர் சலித்தார். நடவன்று முனிரத்தினம் கயிற்றை இழுத்துக் கட்டுவதை வழக்கத்தைவிட மெதுவாக, இரண்டு தடவை செய்தார். அதைப் பார்த்து இவர் கட்டினார். எருதுக்கும் அரசமரத்துக்கும் அன்று லீவு. அதை வைத்துக்கொண்டு சுப்பிரமணி நகரிப் பக்கம் போய் நட்டுக் காட்டிவிட்டு வந்தார். அங்கே வெங்கடேசலு நட்டார், பிறகு அவர் சம்பந்தி, பிறகு அந்தச் சம்பந்தியின் மச்சான். கல்யாணம் போன வழியெல்லாம் நடவும் போனது.

வேப்பங்கண்டிகையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். அந்த நவரையில் அதுவரை சிரித்தவர்கள் வரிசையாக என்னிடம் நாற்றங்கால் கேட்டு வந்தார்கள். ஏன் இத்தனை நாள் இல்லாத ஆசை என்று ஒருவரைக் கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒருத்தன் செஞ்சா கிறுக்கன்னு வுட்ரலாம்மா. கூட்டாளிங்க ரெண்டு பேரு செஞ்சா ஒருத்தன் பேச்ச ஒருத்தன் கேட்டுகினு செய்யறாங்கன்னு நெனைக்கலாம். இவுங்க ரெண்டு பேரும் மழ பெய்யுதான்றதுலகூட ஒத்துக்க மாட்டாங்க. இவுங்களே ஒண்ணு செய்யறாங்கன்னா அதுல ஏதோ கீது."

மங்கம்மாவின் கும்பலுக்கும் அதற்குள் கை வந்துவிட்டது. "ஒத்த நாத்துன்னா எங்கள கூப்டு, மத்தவளுங்களுக்கு வராது" என்று அவளே போகிற ஊரிலெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் சாமிநாதனிடம் சொன்னேன். பெண் பார்த்த கதையை மட்டும் விட்டுவிட்டேன். பேசாத பங்காளிகள், நடவுக் கும்பல், சம்பந்தி வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். நகரிப் பக்கம் பரவியதைச் சொன்னபோது மட்டும் கண்ணைத் திறந்து, "அது ஆந்திராம்மா, நம்ம இலக்குல வராது" என்றார். முடித்ததும், "சரிம்மா, அப்படியே ஆகட்டும்" என்றார். எழுந்து சுவர்ப் படத்தின் பெரிய வட்டத்தில் தாமோதரன் என்றும் ஒரு சின்ன வட்டத்தில் முனிரத்தினம் என்றும் எழுதி, நடுவில் இருந்த அம்புக்குறியைப் பென்சிலால் அழகாகத் தடிப்பாக்கினார். அந்த வருடம் ஒற்றை நாற்று நடவைப் பரப்பியதற்கான பாராட்டுச் சான்றிதழ் தாமோதரனுக்குக் கிடைத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு, தன் வயலில் பழையபடி கொத்து நடவு நட்டார்.

வைகாசியில் கல்யாணம், திருத்தணியில் மலையடிவாரத்து மண்டபத்தில். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், தட்டு தூக்குகிற வேலையும் வைத்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் வெங்கடேசலு மைக்கைப் பிடித்தார். தங்கள் ஊருக்குப் புது நடவைக் கற்றுக் கொடுத்த சுப்பிரமணி பாவாவுக்குச் சால்வை போர்த்தப் போவதாகச் சொன்னார். சம்பந்தி முறைப்படி அதைப் பெண்ணின் அப்பா கையால்தான் போர்த்த வேண்டும் என்றும் சொன்னார். சால்வை இருந்த தட்டு என் கையில் இருந்தது. முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? தட்டை நீட்டினேன்.

மணமேடையில் மாலையோடு நின்ற புவனா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகம் அப்படி இருந்தது. முனிரத்தினம் அவளைப் பார்த்து இல்லை என்பது போலத் தலையை லேசாக அசைத்தார். சால்வையை எடுத்துச் சுப்பிரமணியின் தோளில் போட்டார். போடும்போது காதருகில் குனிந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் அந்த மனிதரிடம் பேசிய முதல் வார்த்தையை, பக்கத்தில் தட்டோடு நின்றதால் நானும் கேட்டேன்.

"அது என் வயலு."

"ஆங்" என்றார் சுப்பிரமணி.

கூட்டம் கைதட்டியது. அப்போது வீடியோக்காரர் கையை உயர்த்தி, "சார், சால்வ மறைச்சிடுச்சு, மூஞ்சி தெரியல. இன்னொரு வாட்டி போத்துங்க சார்" என்று கத்தினார். முனிரத்தினம் அப்படியே நின்றார். இரண்டாவது தடவை அவரால் கையைத் தூக்க முடியவில்லை. சுப்பிரமணி தன் தோளிலிருந்து சால்வையைக் கழற்றினார், உதறினார், மடிப்பை விரித்தார், அதை முனிரத்தினத்தின் தோளில் போர்த்தி இரண்டு கையாலும் இழுத்துச் சரி செய்தார். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பங்காளிகளுக்குள் செய்துகொள்ளும் மரியாதை என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது.